கயிற்றைத் தொடாத மேஸ்திரி

கதிருக்கு,

பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த சின்ன லைன் ரயிலை நிறுத்தினார்களே, அந்த வருஷம். கடைசியாகப் போன வண்டிக்கு நீயும் மீனாவும் பிளாட்பாரத்தில் நின்று கையாட்டினீர்கள். அதே வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஐப்பசி மழையில், குரோம்பேட்டைத் தோல் கம்பெனி வாசலில் நான் சாக இருந்தேன். வருஷத்துக்கு நம்பர் எனக்கு வராது, எனக்கு இந்த அடையாளம் போதும். உனக்கு நம்பர் வருகிறது. மேடையில் வருஷத்தைச் சரியாகத்தான் சொல்கிறாய். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டாய்.

நான் சொல்கிறேன், உன் தங்கை மீனா எழுதுகிறாள். அவளுக்கு இதில் இஷ்டமில்லை. "அப்பா, வீட்டுக்குள்ளயே பேசிக்கலாமே" என்றாள். வீட்டுக்குள் பேசிப் பார்த்தாகிவிட்டது. நீ ஊர் முன்னால் சொன்னதை நான் உன் காதில் மட்டும் சொல்லித் திருத்த முடியாது. அதனால் உன் பேச்சு போனில் ஓடுகிற அதே பக்கத்தில், அதற்குக் கீழேயே இதையும் போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் முதலில் உனக்கு வரும், நீ படித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. ஒரு ஆளைப் பற்றி அவன் முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. உனக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பாரம் இறக்குகிறவர்கள். பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை பக்கம் எந்தக் கம்பெனிக்கு மெஷின் வந்தாலும், பாய்லர் வந்தாலும், லாரியிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோய் உட்கார வைப்பது எங்கள் செட்டு. அப்போது கிரேன் எல்லா இடத்துக்கும் வராது, சந்துக்குள் நுழையாது. கயிறு, பலகை, கடப்பாறை, உருட்டுவதற்கு இரும்புக் குழாய், இவ்வளவுதான் சாமான். எங்களுக்கு ஒரு மேஸ்திரி. நீயும் மீனாவும் அவரை மேஸ்திரி மாமா என்றுதான் கூப்பிடுவீர்கள். அவர் குரல் கொடுப்பார், நாங்கள் இழுப்போம். அவர் நிறுத்தினால் நிற்போம். மற்றபடி அவர் கயிற்றைத் தொட மாட்டார், கடப்பாறையைத் தொட மாட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார். பார்க்கிறவர்களுக்குச் சும்மா நிற்கிற மாதிரிதான் இருக்கும். அது எங்கள் தொழிலில் சட்டம். குரல் கொடுக்கிறவன் பாரத்தில் கை வைக்கக் கூடாது. கை வைத்தால் அவன் கண்ணும் தன் கைக்குப் போய்விடும். பிறகு மற்றவன் கால் எங்கே இருக்கிறது என்று யார் பார்ப்பது?

அவர் எங்கள் கைகளைப் பார்க்கவே மாட்டார், எப்போதும் கால்களைத்தான் பார்ப்பார். வேலை ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரும் நடந்து வருவதை ஒரு டீ குடிக்கிற நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான், யார் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று அந்த நடையிலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு அவனை முன்னால் விட மாட்டார், கயிற்றின் வாலில் போட்டுவிடுவார். ஏன் என்று சொல்லவும் மாட்டார். இன்னொரு பழக்கமும் உண்டு. பாரம் நகர்ந்துகொண்டிருக்கும்போது யார் பெயரையும் சொல்ல மாட்டார். எத்தனை பெரிய தப்பு செய்தாலும் சரி. பெயர் சொன்னால் அவன் திரும்பிப் பார்ப்பான், திரும்பினால் கை தளரும். பாரம் தரையில் உட்கார்ந்த பிறகு, அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுச் சொல்லுவார். என்னையும் அப்படி எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். ஒருமுறைகூட நாலு பேர் எதிரில் என்னைச் சின்னவனாக்கியதில்லை.

அன்று வந்தது பழைய பாய்லர். லாரியிலிருந்து இரண்டு பலகை சாய்த்துப் போட்டு, அதன் மேல் சறுக்கிக்கொண்டே இறக்குகிறோம். பாய்லரின் வால் பக்கம் கயிறு கட்டி, வாசலில் இருந்த புங்க மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஏழுமலை, அந்தோணி, பாஷா மூன்று பேரும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். நான் கீழே, பலகைக்கும் கம்பெனி கேட் தூணுக்கும் நடுவில், கடப்பாறையோடு. மழையில் ஊறிய பலகை. என் பக்கத்துப் பலகை படீரென்று பிளந்துவிட்டது. பாய்லரின் தலை என் பக்கம் சாய்கிறது. ஒதுங்க எனக்கு இடமில்லை, முதுகில் தூண். அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்திருக்கிற யாருக்கும் என்ன தோன்றும்? இன்னும் இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றும். ஆனால் பிடித்தால் வால் நிற்கும், தலை சுழன்று நேராக என் நெஞ்சில் வரும். விட்டால்தான் நேரே கீழே ஓடும். மேஸ்திரி கயிற்றில் இல்லாததால் அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "விடு" என்றார். ஒரே வார்த்தை. மூன்று பேரும் ஏன் என்று கேட்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, விட்டுவிட்டார்கள். பாய்லர் என் சட்டையைக் கிழித்துக்கொண்டு போய் எதிர்க் காம்பவுண்டுச் சுவரை இடித்து நின்றது.

கம்பெனிக்காரர் ஓடி வந்தார். சுவர் போச்சு, பாய்லர் ஒரு பக்கம் நசுங்கிப் போச்சு. "யார்யா கயித்தை விட்டது?" என்று கத்தினார். மூன்று பேரும் வாயைத் திறக்கும் முன்னால் மேஸ்திரி சொன்னார், "நான்தான் சார் வுடச் சொன்னேன். அவங்க மேல ஒண்ணும் இல்ல." அதோடு அந்தக் கம்பெனி அவரைக் கூப்பிடவில்லை. அவர்கள் சொல்லி மற்ற கம்பெனிகளும் கூப்பிடவில்லை. பெரிய வேலையெல்லாம் அவரை விட்டுப் போய்விட்டது. அதைப் பற்றி ஒரு நாளும் அவர் என்னிடம் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் அவர்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். உன் அம்மாவிடம், "உன் வூட்டுக்காரரை முழுசா குடுத்துட்டேம்மா, எண்ணிப் பாத்துக்கோ" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நீ ஏழாம் வகுப்பு. நடந்ததை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாய். அதற்கப்புறம் எத்தனை மாதம் உனக்கும் மீனாவுக்கும் அதுதான் விளையாட்டு. ஈரத் துண்டின் இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவள். நான் நடுவில் மேஸ்திரி மாதிரி "விடு" என்று சொல்ல வேண்டும், நீ விட வேண்டும், அவள் போய் விழ வேண்டும். இதை எழுதும்போது மீனா பேனாவை நிறுத்திவிட்டாள். "முழங்கால்ல இன்னும் தழும்பு இருக்குப்பா" என்கிறாள். அவளுக்கு நினைவிருக்கிறது, கதிர். உனக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட விழாவில் பேச உன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள், உனக்குக் குரலே எழும்பவில்லை. நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? மேஸ்திரிதான் உன்னைத் திருநீர்மலை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். அவர் கரையின் அந்தக் கோடியில், நீ இந்தக் கோடியில். "தொண்டையிலேர்ந்து கத்தாதடா, வயித்துலேர்ந்து வரணும். அங்க நிக்கிறவன் உன் ஆளு, அவனுக்குக் கேட்டாவணும்னு நெனச்சிகினு பேசு." அந்த விழாவில் உனக்குக் கோப்பை கிடைத்தது. நீ அதை முதலில் காட்டப் போனது அவர் வீட்டுக்குத்தான். இன்று மேடையில் மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசை வரைக்கும் நீ எறிகிறாயே, அந்தக் குரல் யாருடையது?

இனி குரோம்பேட்டை ஹாலுக்கு வருகிறேன். கம்பெனிகளில் பெரிய வேலையில் இருக்கிறவர்களுக்குத் தலைமை என்றால் என்ன என்று நீ சொல்லிக் கொடுக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அதைப் பார்த்ததில்லை. வா என்று நீ கூப்பிட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். நீ என்னை மட்டும்தான் கூப்பிட்டாய், மேஸ்திரியை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். கால் வலியோடு பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. கடைசி வரிசைக்கு முன் வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கை அணைத்துவிட்டார்கள், என் பக்கத்தில் இருப்பது யார் என்று உனக்குத் தெரிந்திருக்காது. நீ வயிற்றை முன்னால் தள்ளி, கையைப் பின்னால் கட்டி, அவர் மாதிரியே நடந்து காட்டினாய். சின்ன வயதில் அவர் எதிரிலேயே செய்து காட்டுவாய், அவர்தான் அதிகமாகச் சிரிப்பார். அன்றும் சிரித்தார். என் காதருகில் வந்து, "இன்னாபா, நான் அவ்ளோ தொப்பையாவா இருந்தேன்?" என்றார்.

அப்புறம் நீ சொன்னாய், பலகை உடைந்ததும் மேஸ்திரி ஓடி ஒதுங்கிவிட்டார் என்று. அவரைப் பார்த்து மற்றவர்களும் கயிற்றை விட்டுவிட்டார்கள் என்று. உன் அப்பா ஒருவர் மட்டும் கடைசி வரைக்கும் கயிற்றை விடவில்லை, கை கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்டப் பிடித்தார் என்று. "எல்லா ஆபீஸ்லயும் ஒரு மேஸ்திரி இருப்பார். கயிறைத் தொட மாட்டார், சத்தம் மட்டும் வரும். உங்க ஆபீஸ்ல அது யாருன்னு பக்கத்துல இருக்கறவங்களைப் பாருங்க" என்றாய். ஹால் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை.

அதற்குள் என் மேல் விளக்கைத் திருப்பிவிட்டார்கள். மேடைக்கு ஏற்றி, சால்வை போட்டு, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "விடச் சொன்னது மேஸ்திரி. அதாலதான் நான் உயிரோட இருக்கேன்" என்றேன், உன் கையிலிருந்த மைக்கைப் பார்த்துக்கொண்டு. நீ என் தோளை அணைத்துக்கொண்டு மைக்கை எனக்கு எட்டாத அந்தக் கைக்கு மாற்றிவிட்டாய். பாட்டுப் போட்டுவிட்டார்கள். நான் சொன்னது உனக்குக் கேட்டது, கதிர். கேட்கிற தூரத்தில்தான் இருந்தாய்.

கீழே இறங்கி வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். என் தோளில் சால்வை. "அப்போ கயித்தை நீதான் புடிச்சிகினு இருந்தியா? எனக்குத் தெரியாம பூட்ச்சே" என்றார். நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஜிஎஸ்டி ரோட்டில் வந்த ஆட்டோவுக்குக் கை காட்டினார். ஏறி உட்கார்ந்த பிறகு, "பையனுக்குக் குரல் நல்லா வருதுபா" என்றார். அதில் குத்தல் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரில் என்னைச் சேலையூர் வீட்டில் விடும்போது உன்னிடம் கேட்டேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். முதலில், "நான் பேர் சொல்லலையேப்பா" என்றாய். பாய்லர் இறக்கின மேஸ்திரி என்றால் பம்மலில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பிறகு, "உன்னைப் பெருமைப்படுத்தத்தானேப்பா சொன்னேன்" என்றாய். பிறகு, "நடந்தது மாதிரியே சொன்னா மேடையில நிக்காதுப்பா. கயிறை விட்டுட்டாங்கன்னு சொன்னா யார் கை தட்டுவா? விடாம நின்னவன் கதையைக் கேக்கத்தான் வராங்க" என்றாய். "அவர் விடச் சொல்லலைன்னா உங்கப்பன் இல்லையேடா" என்றேன். "தெரியும்ப்பா, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் 'தெரியும்'தான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. தெரியாமல் சொல்லியிருந்தால் பிள்ளைக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று தேற்றிக்கொண்டிருப்பேன். இறங்கும்போது இன்னொன்று சொன்னாய். உன் புத்தகத்தில் முதல் பாடமே அந்தக் கதைதானாம், அச்சுக்குப் போகப் போகிறதாம்.

அப்புறம் மேஸ்திரி, நாங்கள் இருவரும் வழக்கமாகச் சந்திக்கிற பம்மல் டீக்கடைக்கு வரவில்லை. நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் கலா வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள், "உங்க பையன் பேசினது எல்லார் போன்லயும் வந்துடுச்சு சித்தப்பா. கடைக்குப் போனா, கயிறு தொடாத மேஸ்திரி வந்துட்டாருன்றாங்க. கிண்டலுக்குத்தான் சொல்றாங்க. ஆனா இவரு வெளியவே போறதில்ல." உள்ளே அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், சத்தமில்லாமல் படம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். டிவியை அணைத்தார். அப்புறம் கேட்டார்.

"வூட்ல என்னைப் பத்தி அப்பிடித்தான் சொல்லிகினு இருந்தியா?"

"சத்தியமா இல்லண்ணா."

"பின்ன பையனுக்கு யாரு சொன்னது? அன்னிக்கு அவன் அங்க இல்லியே. ஸ்கூலுக்குப் போய்ட்டான். நீ சொன்னதுதானே அவனுக்குத் தெரியும்."

பார்த்தாயா, கதிர். என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். நான் பொய்யனாக வேண்டும், இல்லை நீ பொய்யனாக வேண்டும். அவரோடு எத்தனை வருஷம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் வேலை போனதற்குக் காரணமே நான் உயிரோடு இருப்பது. அப்படிப்பட்ட ஆளைப் பற்றி நான் வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டி பிள்ளைகளிடம் கோழை என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அவர் நினைக்கிறார். உன் பெயரைக் காப்பாற்ற நான் சும்மா இருந்திருக்கலாம். பெற்றவன் இல்லையா. ஒரு நிமிஷம் அப்படித்தான் இருக்கப் பார்த்தேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் முடியவில்லை. "பையன் மாத்திச் சொல்லிட்டாண்ணா. தெரிஞ்சேதான் மாத்தினான்" என்றேன். அவர் தலையாட்டினார். "சரி. அவனுக்கு நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உன்னிடம் கொடுக்கத்தான் இவ்வளவும்.

நீ ஊருக்குச் சொல்லிக் கொடுக்கிறாய், நான் உனக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று மீனா கேட்கிறாள். முடியாதுதான். ஆனால் ஒரு தலைவனுக்குக் கீழே இத்தனை வருஷம் வேலை செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். உன்னிடம் பாடம் கேட்க வருகிறார்களே, நாளைக்கு அவர்கள் கையிலும் ஏதாவது பலகை உடையும். அப்போது உன் கதையை நினைத்துக்கொண்டு கயிற்றை இறுக்கிப் பிடிப்பார்கள். கீழே நிற்கிறவன் சாவான். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருக்கும். கைதட்டல் கிடைக்கிறது என்பதற்காக இதை விற்காதே. பிடிக்கிறவனுக்கு எப்போதும் கைதட்டல் கிடைக்கும். விடு என்று சொல்லிவிட்டு அந்தப் பழியையும் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனுக்குக் கிடைக்காது. அவனைப் பற்றி யாராவது சொன்னால்தான் உண்டு. அதற்குத்தானே அவர் உனக்குக் குரல் கொடுத்தது?

புத்தகத்தில் அந்தப் பாடத்தைத் திருத்து. திருத்த முடியாவிட்டால் எடுத்துவிடு. அப்படியே அச்சாகி வந்தால் அதைக் கையில் வாங்க மாட்டேன், என் வீட்டுக்குள்ளும் அது வரக் கூடாது. சால்வையை மீனா மடித்து வைத்திருக்கிறாள், அது என்னுடையது இல்லை. நீ கோபித்துக்கொண்டு என்னைப் பார்க்க வராமல் போகலாம் என்று இவள் பயப்படுகிறாள். போகலாம். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு நீ வராவிட்டாலும் பரவாயில்லை, பம்மலுக்குப் போ. உன் கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்து காரை எடுத்தால் எவ்வளவு தூரம்? தனியாகப் போய்ச் சொன்னால் போதாது. அந்த டீக்கடையில், அவரைக் கிண்டல் செய்கிற ஆட்கள் இருக்கிற நேரத்தில், கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி, வயிற்றிலிருந்து சொல்லு. சீக்கிரம் போ. அவருக்கு மூச்சு வாங்குகிறது.

இவ்வளவு நேரம் அவர் பெயரை நான் சொல்லவில்லை, கவனித்தாயோ என்னவோ. நீயும் சொல்லவில்லை என்றுதானே தப்பித்தாய். நான் சொல்லாததற்குக் காரணம் வேறு, அவர் கற்றுக்கொடுத்த பழக்கம். இப்போது சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது, பாரம் தரையில் உட்கார்ந்துவிட்டது. அன்று கயிற்றில் நின்றவர்களில் ஏழுமலை முதலில் போனான், மஞ்சள் காமாலையில். அந்தோணி கொரோனாவில் போனான், முகம்கூடப் பார்க்க விடவில்லை. பாஷா போன ரம்ஜானுக்குப் பிறகு, தூக்கத்திலேயே. என்னைத் தவிர, அந்த வாசலில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். பம்மலில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கிற தெருவில், கடைசி வீடு. அவர் பெயர் கன்னியப்பன்.